எதிரே ஹைஸ்கூல் வருகிறது என்று பில்டர் சொன்னால்

கேள்வி: டாலஸுக்கு வடக்கே புது வீடு பார்த்துக்கொண்டிருக்கிறோம். மகள் ஏழாவது, மகன் நாலாவது படிக்கிறார்கள். இரண்டு கம்யூனிட்டிகள் (பில்டர் கட்டும் குடியிருப்புகள்) பிடித்திருக்கின்றன. அதில் ஒன்றுக்கு எதிரிலேயே மூன்று வருடத்தில் புது ஹைஸ்கூல் திறக்கப்போகிறார்கள் என்று பில்டர் ஆபீஸில் சொல்கிறார்கள். கிட்டத்தட்ட ஒரே மாதிரி வீடுதான், ஆனால் அங்கே 30,000 டாலர் கூடுதல். அந்த ஸ்கூலை நம்பிக் கொடுக்கலாமா?

பதில்:

இன்றைய தேதியில் அந்த வீட்டுக்கு எந்த ஹைஸ்கூல் என்று பாருங்கள். அது உங்களுக்குச் சம்மதம் என்றால் தாராளமாக வாங்குங்கள். வரப்போகிற ஸ்கூலுக்காக மட்டும் என்றால் 30,000 கொடுக்காதீர்கள். சொல்ல வந்தது இவ்வளவுதான். காரணம் சொல்லத்தான் நீளமாக எழுதுகிறேன், ஏனென்றால் நாங்களும் இதே கணக்கைப் போட்டு ஏமாந்தவர்கள்.

பத்துப் பன்னிரண்டு வருடம் முன்பு நாங்கள் வாங்கிய வீட்டின் மாடி ஜன்னலில் நின்றால் எதிரே பெரிய காலி நிலம் தெரியும். ஓரத்தில் ஒரு பலகை, வருங்கால ஹைஸ்கூல் வளாகம் என்று. மகன் நடந்தே ஸ்கூலுக்குப் போவான் என்று ஊரில் அம்மாவிடம் போனில் சொல்லியாகிவிட்டது. சொன்னபடியே நிலத்தைக் கொத்தினார்கள், கிரேன் வந்தது, கட்டடமும் எழும்பியது. திறப்பதற்குச் சுமார் ஒரு வருடம் இருக்கும்போது எந்த வீட்டுப் பிள்ளைக்கு எந்த ஸ்கூல் என்று ஸ்கூல் போர்டு எல்லைக்கோடு போட்டது. கோடு எங்கள் வீட்டுக்கு முன்னால் போகும் ஓடையை ஒட்டிப் போனது. ஓடைக்கு அந்தப் பக்கம் புது ஸ்கூல். இந்தப் பக்கம், நாலு மைல் தள்ளியிருந்த பழைய ஸ்கூல். ஆகஸ்ட் மாதச் சாயங்காலங்களில் புது ஸ்கூல் பேண்ட் பிள்ளைகள் டிரம் அடித்துப் பழகும் சத்தம் எங்கள் கிச்சன் வரை வரும். அதைக் கேட்டுக்கொண்டே என் மனைவி, மகனைப் பழைய ஸ்கூல் பேண்ட் பிராக்டீஸுக்குக் கொண்டுபோய் விடக் கார் சாவியைத் தேடுவாள். பழைய ஸ்கூல் ஒன்றும் மோசமில்லை, பையன் நன்றாகவே படித்தான். ஆனால் எதிரில் ஸ்கூல் என்று கூடுதலாகக் கொடுத்த பணம் போனது போனதுதான்.

அப்போது எங்களுக்குப் புரியாதது இதுதான். வீட்டின் விலையை மாற்றுவது ஸ்கூல் கட்டடம் அல்ல, அந்தக் கோடு. கோட்டைத் தூரத்தை வைத்து மட்டும் போடுவதில்லை. புது ஸ்கூல் எதற்காக வருகிறது? பக்கத்தில் ஏதோ ஒரு ஸ்கூல் பிதுங்கி வழிகிறது, அதன் பாரத்தைக் குறைக்க. அதனால் எந்தப் பழைய ஸ்கூலிலிருந்து எத்தனை பிள்ளைகளை எடுத்தால் இரண்டும் சமமாக ஓடும் என்றுதான் முதலில் பார்ப்பார்கள். அடுத்தது, இன்னும் கட்டாத வீடுகள். ஸ்கூலைச் சுற்றி வடக்கே ஆயிரம் வீடு வரவிருக்கிறது என்றால், அந்தப் பிள்ளைகளுக்காக இப்போதே இடம் விட்டுத்தான் கோடு போடுவார்கள். ஏற்கெனவே குடியிருக்கிறவர்களைப் பழைய ஸ்கூலிலேயே விட்டுவிடுவது அவர்களுக்குச் சுலபம். எங்களுக்கு நடந்தது இதுதான். அன்றைக்குக் கோபம் வந்தது. இன்று யோசித்தால், நான் அந்த நாற்காலியில் இருந்தாலும் ஓடை வழியாகத்தான் போட்டிருப்பேன்.

கோட்டுக்கு இவ்வளவு மதிப்பா என்றால், ஆமாம். சாண்ட்ரா பிளாக் என்ற பொருளாதார அறிஞர் 1999-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. மாசசூசெட்ஸ் புறநகர்களில் தொடக்கப் பள்ளி எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்த வீடுகளை ஒப்பிட்டார். அதே தெரு, அதே மாதிரி அக்கம்பக்கம், ஸ்கூல் மட்டும் வேறு. தேர்வு மதிப்பெண் 5 சதவீதம் கூடுதலாக இருந்த பக்கத்தில் வீட்டு விலை சுமார் 2.5 சதவீதம் கூடுதலாக இருந்தது. இதில் கவனிக்க வேண்டியது, அங்கே கோடு ஏற்கெனவே இருந்தது, மதிப்பெண்ணும் தெரிந்திருந்தது. உங்கள் விஷயத்தில் இரண்டுமே இல்லை. பில்டர் உங்களிடம் கேட்பது, இன்னும் போடாத கோட்டுக்கும் இன்னும் எழுதாத பரீட்சைக்கும் விலை.

ஊர்ப் பெயரை வைத்தும் முடிவு செய்யாதீர்கள். டெக்ஸாஸில் நகராட்சி வேறு, அரசுப் பள்ளிகளை நடத்தும் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் (பெயரில் ஐஎஸ்டி என்று வரும்) வேறு. அட்ரஸ் ஃபிரிஸ்கோ என்று இருக்கும், வீடு பிராஸ்பர் ஐஎஸ்டியிலோ லூயிஸ்வில் ஐஎஸ்டியிலோ லிட்டில் எல்ம் ஐஎஸ்டியிலோ இருக்கலாம். ஃபிரிஸ்கோ ஐஎஸ்டியோ பிளேனோவுக்குள்ளும் மெக்கின்னிக்குள்ளும் நீள்கிறது. டிஸ்ட்ரிக்டுக்கு டிஸ்ட்ரிக்ட் கொள்கையும் வேறு. ஃபிரிஸ்கோ, ஹைஸ்கூல்களைச் சின்னதாக, சுமார் 2,100 பிள்ளைகள் அளவில் வைத்துக்கொள்வது என்று பல வருடங்களாக நிறையக் கட்டியது. ஸ்கூல் கூடக் கூடக் கோடும் கூடும், புதிது ஒவ்வொன்று திறக்கும்போதும் யாரோ சிலர் இடம் மாறுவார்கள். பக்கத்து ஆலனில் நேர்மாறு: டிஸ்ட்ரிக்டுக்கே ஒரே பெரிய ஹைஸ்கூல். அங்கே வீடு எந்த மூலையில் இருந்தாலும் ஹைஸ்கூல் மாறாது. கோட்டுக் கவலையே வேண்டாம் என்கிறவர்களுக்கு இந்த மாதிரி ஒற்றை ஹைஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் நல்ல வழி. அவ்வளவு பெரிய கூட்டத்தில் உங்கள் பிள்ளைக்கு டீமில் இடம் கிடைக்குமா என்பது தனிக் கதை.

சரி, அந்த ஸ்கூல் உண்மையில் வருகிறதா? இதை நீங்களே ஒரு சாயங்காலத்தில் கண்டுபிடித்துவிடலாம். வரிக்காகச் சொத்துகளை மதிப்பிடும் கவுண்டி அப்ரைசல் டிஸ்ட்ரிக்டின் இணையதளத்தில் மேப் இருக்கும். அந்தக் காலி நிலத்தின் மேல் கிளிக் செய்யுங்கள், உரிமையாளர் பெயர் வரும். ஐஎஸ்டி பெயர் வந்தால் ஒரு படி தாண்டியாயிற்று. டெவலப்பர் கம்பெனி பெயரே இருந்தால், பில்டர் ஆபீஸ் மேப்பில் பச்சை கலரில் காட்டும் அந்தக் கட்டம் இன்னும் எண்ணம் மட்டும்தான். நிலம் டிஸ்ட்ரிக்டுடையது என்பதாலேயே ஸ்கூல் வந்துவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வளரும் டிஸ்ட்ரிக்டுகள் விலை ஏறுவதற்குள் நிலத்தை வாங்கிப் போட்டுவிடும், கட்டுவது பல வருடம் கழித்தும் இருக்கலாம்.

அடுத்து பாண்ட், அதாவது டிஸ்ட்ரிக்ட் பத்திரம் விற்று வாங்கும் கடன். ஸ்கூல் கட்டும் பணத்துக்கு டிஸ்ட்ரிக்ட் பாண்ட் எலெக்ஷன் நடத்தி மக்களிடம் அனுமதி வாங்க வேண்டும். 2019-ல் வந்த சட்டப்படி, ஸ்கூல் பாண்ட் வாக்குச்சீட்டில் இது சொத்துவரி உயர்வு என்ற வாசகத்தைப் போட்டே ஆக வேண்டும், வரி விகிதம் ஏறினாலும் ஏறாவிட்டாலும். அதைப் பார்த்து இல்லை என்று குத்துகிறவர்கள் உண்டு. அதனால் பாண்ட் தேறியதா என்று பாருங்கள். தேறியிருந்தால், அதில் இந்த ஸ்கூலுக்குக் கட்டுமானப் பணம் இருக்கிறதா, இல்லை நிலத்துக்கும் டிசைனுக்கும் மட்டும்தானா என்றும் பாருங்கள். இரண்டாவது வகை என்றால் இன்னொரு எலெக்ஷன் பாக்கி இருக்கிறது என்று பொருள். போர்டு மீட்டிங் அஜெண்டாக்கள் எல்லாம் பொதுவில் இருக்கும். அதில் கான்ட்ராக்டரின் அதிகபட்ச உத்தரவாத விலைக்கு ஒப்புதல் என்று ஒரு வரி வந்திருந்தால், வேலை தொடங்கப்போகிறது என்று ஓரளவு நிம்மதியாக நம்பலாம். ஹைஸ்கூல் கட்ட இரண்டிலிருந்து மூன்று வருடம் ஆகும். இந்த வரி இன்னும் வரவில்லை, ஆனால் மூன்று வருடத்தில் திறந்துவிடும் என்கிறார்கள் என்றால், மனதுக்குள் ஒரு வருடம் கூட்டிக்கொள்ளுங்கள்.

பில்டர் ஆபீஸில் இருப்பவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவர் வாயால் சொல்வதற்கும் நீங்கள் கையெழுத்துப் போடும் காகிதத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள், போதும். கான்ட்ராக்டில் பெரும்பாலும் ஒரு பத்தி இருக்கும்: ஸ்கூல் ஒதுக்கீடு பற்றி விற்பவர் எந்த உறுதியும் தரவில்லை, வாங்குபவரே டிஸ்ட்ரிக்டில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும் என்று. நாங்கள் அதில் இனிஷியல் போட்டோம். படித்தோமா என்று கேட்காதீர்கள். ரியல்டரும் (வீட்டுத் தரகர்) இந்த ஸ்கூல் நல்லது, அது மோசம் என்று சொல்லத் தயங்குவார். 1968-ன் நியாய வீட்டுவசதிச் சட்டப்படி, வாங்குகிறவரை இனம் பார்த்து ஒரு பகுதிக்குத் தள்ளுவது சட்டவிரோதம். ஸ்கூலைப் பற்றிய பேச்சு அந்தப் பக்கம் போய்விடும் என்ற பயம் அவர்களுக்கு.

இப்போது உங்கள் பிள்ளைகளின் வயதுக்கு வருவோம். முடிவைத் தீர்மானிக்கப்போவது இதுதான்.

புது ஹைஸ்கூல் பெரும்பாலும் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நாலு வகுப்போடும் திறக்காது. முதல் வருடம் ஒன்பதும் பத்தும் மட்டும். பதினொன்றிலும் பன்னிரண்டிலும் இருப்பவர்களைக் கடைசி நேரத்தில் இடம் மாற்றக் கூடாது என்று பழைய ஸ்கூலிலேயே முடிக்க விடுவார்கள். அடுத்த வருடம் பதினொன்று சேரும், மூன்றாவது வருடம் பன்னிரண்டு. மகள் இப்போது ஏழாவது. சொன்ன தேதியில் திறந்தால் அந்த ஆகஸ்டில் அவள் பத்தாவது. அதாவது ஒன்பதாவதைப் பழைய ஸ்கூலில் படித்து, அங்கே சிநேகிதிகளைப் பிடித்து, ஏதாவது ஒரு டீமில் சேர்ந்து, பிறகு பெட்டி கட்டிக்கொண்டு புது ஸ்கூலுக்கு. அங்கே எப்போதும் அவள் வகுப்புதான் மூத்த வகுப்பு. அவளுக்கு மேலே யாரும் இல்லை, முதலில் பட்டம் வாங்கி வெளியேறுவதும் அவர்கள்தான். ஒரு வருடம் தள்ளிப்போனால், திறக்கும்போது அவள் பதினொன்றாவது, புது ஸ்கூலுக்குள் கால் வைக்கவே மாட்டாள். பன்னிரண்டு மாதத் தாமதம் ஒன்று, அவளைப் பொறுத்தவரை முழுக் கணக்கையும் அழித்துவிடுகிறது.

மகனுக்கு அப்படி இல்லை. அவன் ஒன்பதாவது சேரும்போது ஸ்கூலுக்கு மூன்றாவது வருடம், நாலு வகுப்பும் நிரம்பும் முதல் வருடம். ஆரம்ப இழுபறி எல்லாம் ஓரளவு அடங்கியிருக்கும். அந்த ஒரு வருடம் அக்காவும் தம்பியும் ஒரே ஸ்கூலில் இருப்பார்கள், அவள் காரில் இவன் போய்விடலாம், உங்களுக்கு காலையில் அரை மணி நேரம் மிச்சம். ஒரு வருடம் தாமதமானாலும் அவனுக்கு இழப்பில்லை. ஆக, புது ஸ்கூலை வைத்து யோசிப்பதானால் அது மகனுக்கான யோசனை. மகளுக்கு இன்றைய ஸ்கூல்தான் பதில்.

புது ஸ்கூலின் முதல் இரண்டு மூன்று வருடம் எப்படி இருக்கும் என்பதைப் போய்ப் பார்த்தவர்கள் இரண்டு விதமாகச் சொல்வார்கள், இரண்டும் உண்மை. கட்டடம் பளபளவென்று இருக்கும், லேப் எல்லாம் புதுசு, கிளப் எதையும் பிள்ளைகளே ஆரம்பிக்கலாம், பத்தாவது படிக்கிற பெண் கேப்டனாகலாம். மறுபக்கம், மூத்த வகுப்பு இல்லாத ஸ்கூலில் ஏபி என்ற கல்லூரி அளவு மேல்நிலைப் பாடங்களுக்கு ஆள் சேராது, சேராத பாடத்தை நடத்தமாட்டார்கள். ஃபிசிக்ஸ் சி மாதிரிப் பாடத்துக்கு எட்டுப் பேர் பெயர் கொடுத்தால் ஆன்லைனில் படி, இல்லை பக்கத்து ஸ்கூலுக்கு பஸ்ஸில் போ என்பார்கள். மகள் இன்ஜினியரிங் பக்கம் சாய்கிறவள் என்றால் இதை டிஸ்ட்ரிக்டிலேயே நேராகக் கேளுங்கள்: முதல் மூன்று வருடம் எந்தெந்த ஏபி உறுதி என்று. நல்ல ஆசிரியர்கள் பலர் புது ஸ்கூலுக்கு ஆசைப்பட்டு மாறுவார்கள் என்பது ஒரு ஆறுதல்.

வகுப்புத் தரவரிசை விஷயமும் உண்டு, டெக்ஸாஸில் இதை விட முடியாது. 1997-ல் வந்த சட்டப்படி, வகுப்பில் முதல் 10 சதவீதத்துக்குள் வருகிறவர்களுக்கு மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகங்களில் தானாகவே இடம். ஆஸ்டினில் உள்ள டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்துக்கு (யூடி ஆஸ்டின்) மட்டும் அது சுருங்கிக்கொண்டே வந்து, 2026 இலையுதிர்காலச் சேர்க்கையிலிருந்து முதல் 5 சதவீதம். முதல் வகுப்பில் 240 பேர்தான் என்றால் அந்த 5 சதவீதம் 12 பேர். பழைய ஸ்கூலில் 600 பேர் இருந்தால் 30 பேர். விகிதம் ஒன்றுதான், ஆனால் 12 பேர் பட்டியலில் ஒரே ஒரு பி கிரேடு உங்களை எங்கே தள்ளும் என்று யோசியுங்கள். அதோடு, கோட்டுக்குள் எந்தெந்தக் கம்யூனிட்டி வருகிறது என்பதைப் பொறுத்துப் போட்டியின் கடுமையும் மாறும். நம்மவர்கள் ஸ்கூலைப் பார்த்து ஒரே இடத்தில் குவிவோம், குவிந்த பிறகு போட்டி அதிகம் என்று புலம்புவோம்.

ரேட்டிங்கைப் பற்றி இரண்டே வரி. கிரேட்ஸ்கூல்ஸ் மாதிரித் தளங்களின் பத்துக்கு இத்தனை என்ற எண் பழைய பரீட்சைத் தரவை வைத்து வருவது. புது ஸ்கூலுக்குத் தரவே இல்லை, எண்ணும் இருக்காது, வந்தாலும் ஆரம்பத்தில் அதற்குப் பொருள் குறைவு.

வரியைப் பற்றிக் கொஞ்சம் கூடவே சொல்ல வேண்டும், ஏனென்றால் புது வீடு வாங்குகிறவர்கள் இடறி விழுவது இங்கேதான். டெக்ஸாஸில் வருமான வரி கிடையாது, அதனால் சொத்துவரி கடுமை. அதில் பெரிய பங்கு ஸ்கூலுக்கு. அது இரண்டு துண்டாக வரும், ஒன்று அன்றாடச் செலவுக்கு, இன்னொன்று பாண்ட் கடனை அடைக்க. வேகமாக வளர்ந்து நிறையக் கட்டுகிற டிஸ்ட்ரிக்டில் இரண்டாவது துண்டு உயரமாக இருக்கும். உங்கள் இரண்டு கம்யூனிட்டிகளும் வேறு வேறு டிஸ்ட்ரிக்ட் என்றால் இந்த இரண்டாவது எண்ணை மட்டும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அப்புறம் எஸ்க்ரோ, அதாவது வரி கட்டுவதற்காக மார்ட்கேஜ் கம்பெனி மாதத் தவணையோடு சேர்த்துப் பிடித்து வைக்கும் பணம். இங்கே வரி மதிப்பீடு ஜனவரி 1 அன்று இருக்கும் நிலையை வைத்து. அன்றைக்கு உங்கள் மனையில் வெறும் கான்கிரீட் தளம் மட்டும் இருந்தால், அந்த வருட வரி கிட்டத்தட்ட நிலத்துக்கு மட்டும். மார்ட்கேஜ் கம்பெனி அதை வைத்து மாதத் தவணையைக் கணக்கிட்டிருந்தால் முதல் வருடம் இனிக்கும். அடுத்த வருடம் முழு வீட்டுக்கும் வரி வரும். 6 லட்சம் டாலர் வீடு, எல்லாம் சேர்த்து 2 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 12,000. முதல் வருடம் 3,000 தான் பிடித்தார்கள் என்றால் 9,000 குறைகிறது. எஸ்க்ரோ பற்றாக்குறை என்று தலைப்புப் போட்டு ஒரு கடிதம் வரும். விட்டுப்போனதையும் கட்ட வேண்டும், இனி வருவதற்கும் கூடுதலாகக் கட்ட வேண்டும். எங்களுக்கு அந்தக் கடிதம் வந்தபோது மாதத் தவணை ஆயிரம் டாலருக்கு மேல் ஏறியது. வாங்கும்போதே முழு வீட்டு மதிப்புக்கு வரி போட்டு எஸ்க்ரோ கணக்கிடச் சொல்லுங்கள். ஸ்கூலுக்காக 30,000 கொடுத்துப் பட்ஜெட்டை விளிம்பில் வைத்திருந்தால் இந்தக் கடிதம்தான் முதலில் கவிழ்க்கும்.

இன்னொன்று, எல்லாரும் வளர்ச்சியைப் பற்றியே பேசுவதால் விட்டுப்போவது. அமெரிக்காவில் அதிகக் குழந்தைகள் பிறந்த வருடம் 2007, சுமார் 43 லட்சம். அதற்குப் பிறகு பிறப்புகள் குறைந்து இப்போது 36 லட்சம் அளவில் நிற்கின்றன. 2007-ல் பிறந்தவர்கள் 2025-ல் 18 வயதைத் தொட்டார்கள், பெரும்பாலோர் அந்த வருடமே ஹைஸ்கூலை விட்டுப் போய்விட்டார்கள். டாலஸுக்கு வடக்கே ஆட்கள் வந்துகொண்டே இருப்பதால் இது தெரிவதில்லை, ஆனால் வளர்ச்சி வடக்கே நகர நகரப் பின்னால் இருக்கும் இடங்கள் காலியாகின்றன. பிளேனோ ஐஎஸ்டி 2024-ல் நாலு ஸ்கூல்களை மூட முடிவு செய்தது. ஒரு காலத்தில் அங்கேயும் புது ஸ்கூல் வருகிறது என்று சொல்லித்தான் வீடு விற்றார்கள். உங்கள் மகன் படிப்பை முடிக்கும்போது இன்றைய புது ஸ்கூலுக்கு இன்னும் வடக்கே வேறு புது ஸ்கூல் வந்திருக்கும். வீட்டை விற்கும்போது வாங்க வருகிறவர் அதைத்தான் கேட்பார்.

எதிரிலேயே ஸ்கூல் என்பது எப்படி இருக்கும் என்று தெரிய, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஏதாவது ஒரு ஹைஸ்கூல் வாசலில் காலை ஸ்கூல் தொடங்குவதற்கு அரை மணி முன்னால் போய்க் காரில் உட்காருங்கள். புதிதாக லைசென்ஸ் எடுத்த பதினாறு வயதுப் பிள்ளைகள் இருநூறு பேர் ஒரே திருப்பத்தில் திரும்புவதைப் பார்க்கலாம். பார்க்கிங் பர்மிட் கிடைக்காதவர்கள் வண்டியைப் பக்கத்துத் தெருவில், அதாவது உங்கள் வீட்டு வாசலில் விடுவார்கள். பயிற்சி மைதானத்து விளக்குகள் படுக்கையறையில் விழும். அந்தக் கம்யூனிட்டியிலேயே வாங்குவது என்று முடிவானால், ஸ்கூலைப் பார்த்த மனையை விட்டு இரண்டு தெரு உள்ளே கேளுங்கள். அதே கோட்டுக்குள், பல சமயம் விலையும் குறைவாக.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் என்ன செய்வேன் என்று கேட்டால், முதலில் இரண்டு வீடுகளுக்கும் இன்றைய ஹைஸ்கூல் எது என்று டிஸ்ட்ரிக்ட் தளத்தில் அட்ரஸ் போட்டுப் பார்ப்பேன். இரண்டும் ஒரே ஸ்கூல் என்றால் விலை குறைந்த வீடு, யோசனையே இல்லை. எதிர் ஸ்கூல் கம்யூனிட்டிக்கு இன்றைய ஸ்கூல் உங்களுக்குப் பிடிக்காத ஒன்று என்றால் விட்டுவிடுவேன், ஏனென்றால் மகள் போகப்போவது பெரும்பாலும் அங்கேதான். இன்றைய ஸ்கூலும் நன்றாக இருந்து, நிலம் ஐஎஸ்டி பெயரில் இருந்து, கட்டுமானப் பணத்தோடு பாண்டும் தேறியிருந்தால், மகனுக்காக ஐந்தாயிரம் பத்தாயிரம் கூடக் கொடுக்கலாம். அதையும் அப்படியே கொடுத்துவிடாமல், ஈடாக ஏதாவது சலுகை கேட்டுப் பாருங்கள். பில்டர்கள் சுலபத்தில் விலையை இறக்கமாட்டார்கள், ஆனால் காலாண்டு முடியும் வாரத்தில் குளோசிங் செலவும் (வீட்டை வாங்கி முடிக்கும்போது ஆகும் கட்டணங்கள்) வட்டிக் குறைப்பும் தரச் சம்மதிப்பார்கள். மார்ச் கடைசியிலோ ஜூன் கடைசியிலோ போய், பக்கத்துக் கம்யூனிட்டியின் விலைப்பட்டியலை மேஜை மேல் வைத்துவிட்டுப் பேசுங்கள்.